ஊக்கமருந்து: சட்டம் ஒண்டு, வழக்காட வசதி வேற

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். 1948இல் டங்கன் வைற் வென்ற வெள்ளிக்குப் பிறகு, 52 வருசம் கழிச்சு இலங்கைக்குக் கிடைச்ச ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். அவரின் பதக்கம் பறிக்கப்பட்டது. சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறினது 2009 டிசம்பரில்தான்.

இது கனபேருக்குத் தெரிஞ்ச கதை. இதுக்கு முந்தின கதையை ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்லை. 1998இல் இதே சுசந்திகா மீதே நன்ட்ரோலோன் பாவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. தன்னைப் பழிவாங்கச் செய்த சதி என்று அவர் சொன்னார். பிறகு விடுவிக்கப்பட்டார். ஊக்கமருந்தின் பேரில் குற்றம் சுமந்ததும், இன்னொருவரின் ஊக்கமருந்தால் வெள்ளியை ஒன்பது வருசம் இழந்து நிண்டதும் ஒரே ஆள்தான். அதனால் இந்த வரலாற்றை 'களவு செய்தவை பிடிபட்டினம்' எண்டு மட்டும் வாசிச்சால் எங்களுக்குப் பாதிதான் விளங்கும்.

மிச்சப் பாதி விளங்க, சட்டத்தைப் பார்க்க வேணும். 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் உருவானது. அதன் விதிகளின் அடிப்படை இதுதான்: உன்ர உடம்பில என்ன இருந்தாலும் அதுக்கு நீதான் பொறுப்பு. தெரிஞ்சு எடுத்தியா, தெரியாமல் எடுத்தியா எண்டது தண்டனையின் அளவைத்தான் மாற்றும். அது எப்படி உள்ளே வந்தது எண்டு காட்ட வேண்டியதும் பெரும்பாலும் வீரர்தான்.

உபுல் தரங்கவுக்கு நடந்தது இதுதான். 2011 உலகக் கிண்ண அரையிறுதிக்குப் பிறகு எடுத்த மாதிரியில் பிரெட்னிசோலோன் இருந்தது. தோள்பட்டை நோவுக்கு எடுத்த மூலிகை மருந்து மூலம் வந்தது என்ற விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்றும் சொல்லப்பட்டது. ஆனாலும் மூன்று மாதத் தடை.

குசல் ஜனித் பெரேராவின் கதை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டார். 2016 ரி20 உலகக் கிண்ணம் கைவிட்டுப் போனது. கிரிக்கெட் சபையின் உதவியோட வெளிநாட்டுச் சட்டத்தரணிகளும் நிபுணர்களும் அவருக்காக நிண்டார்கள். 2016 மேயில், கட்டார் ஆய்வுகூடம் சொன்ன முடிவு நிலைக்காது எண்டாகி, குற்றச்சாட்டு முழுதாக விலக்கப்பட்டது. அந்த உதவி இல்லாத ஒரு பொடியன் எண்டால் என்ன நடந்திருக்கும்?

காசு புழங்குற டென்னிஸிலும் இந்தக் கேள்வி இருக்கு. 2024 மார்ச்சில் யானிக் சின்னரின் மாதிரிகள் இரண்டில் குளோஸ்டெபோல் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு அடித்த ஸ்பிறே, மசாஜ் செய்தபோது கை வழியாகப் பரவியது என்று விளக்கினார். உடனேயே மேன்முறையீடு செய்ததால் தொடர்ந்து விளையாடினார். கடைசியில் 2025இல் மூன்று மாதத் தடை. சிமோனா ஹாலெப்போ 2022 ஒக்டோபரில் இடைநிறுத்தப்பட்டார். நாலு வருசத் தடை வந்தது. 2024 மார்ச்சில் மேன்முறையீட்டில் அது ஒன்பது மாதமாகக் குறைந்தபோது, அவர் ஏற்கெனவே ஏறத்தாழ 17 மாதம் வெளியில நிண்டிட்டார். ரெண்டு வழக்கும் ஒண்டில்லைத்தான். ஆனால் மூலத்தைக் கெதியாக் கண்டுபிடிக்க முடிஞ்சவருக்கும் முடியாதவருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கோ.

இதெல்லாம் துணுக்காயில இருக்கிற எங்களுக்கு என்னத்துக்கு? 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோட இலங்கைக்கும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இருக்கு. மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்தால தேசிய மட்டத்துக்குப் போற பிள்ளையும் அதே விதிக்குள்ளதான் ஓடுது. கால் சுளுக்கினால் நாங்கள் பரியாரியாரிட்டப் போறம். இழுப்பு வந்தால் பாமசியில குளிசை வாங்கிறம். ஜிம்முக்குப் போறவை ஆரோ சொன்னதை நம்பிப் பவுடர் கரைச்சுக் குடிக்கினம். இழுப்புக்குக் குடுக்கிற பிரெட்னிசோலோன் குளிசை போட்டிக் காலத்தில தடை. மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு அனுமதி கேட்கலாம், ஆனால் கேட்க வேணும் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். பட்டியலும் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். 2016 ஜனவரி 1இல் மெல்டோனியம் அதில் சேர்ந்தது. அதே மாதம் மரியா ஷரபோவா மாட்டுப்பட்டார்.

மருந்து எடுக்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. எடுக்கிறது என்ன, ஆர் தந்தது, எப்ப எடுத்தது எண்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. வைத்தியரிட்ட "நான் போட்டிக்கு ஓடுற ஆள்" எண்டு முதலே சொல்லுங்கோ. விளையாட்டு ஆசிரியர்மார் புதுப் பட்டியலை வருசத்துக்கு ஒருக்கா வகுப்பில வாசிச்சுக் காட்டலாம். பிடிபட்ட பிறகு வெளிநாட்டுச் சட்டத்தரணி பிடிக்க எங்களிட்ட வசதியில்லை. முதலே அறிஞ்சு வைக்கக் காசு தேவையில்லை.