தராசு முள்ளில் நிற்கும் வழக்கு

நாகர்கோவிலில் இருந்து தெரிந்த அக்கா ஒருவர் போன் செய்தார். மகன் பையில் கஞ்சா இருந்ததாகக் கேஸ். "கேஸைக் கொறைக்க வழி உண்டுமா மக்கா?" என்று கேட்டார். நான் வக்கீல் இல்லை, பழைய சட்டங்களைப் புரட்டுகிறவன். "மகஜர்ல எடை எவ்வளவுண்ணு எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம். "பிள்ளை ஜெயிலுக்குப் போவுது, நீ எடையைக் கேக்கியே?"

கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்தச் சட்டத்தின் சரித்திரமே தராசின் சரித்திரம்தான்.

நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் அபினும் கஞ்சாவும் அப்காரி வருமானம். உரிமம் உள்ள கடையில் விற்றார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே கதை. 1893இல் அமைத்த கஞ்சா விசாரணைக் கமிஷன், முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று அடுத்த வருஷம் அறிக்கை தந்தது. அன்று எடை பார்த்தது வரிக்காக.

1985 நவம்பர் 14இல் என்.டி.பி.எஸ். சட்டம் வந்ததும் எல்லாம் தலைகீழானது. கஞ்சாவுக்கு ஐந்து வருஷம் வரை. ஹெராயினுக்குக் குறைந்தபட்சமே பத்து வருஷம். பத்து கிராம் வைத்திருந்தவனுக்கும் பத்து கிலோ கடத்தியவனுக்கும் அதே பத்து. சொந்த உபயோகத்துக்கு என்றால் சலுகை உண்டு. ஆனால் அந்த வரம்பு ஹெராயினில் வெறும் 250 மில்லிகிராம். சொந்த உபயோகம்தான் என்று நிரூபிக்க வேண்டியதும் பிடிபட்டவனே. பெரிய கடத்தல்காரனுக்குப் போட்ட வலையில் சின்ன மீன்கள்தான் அதிகம் சிக்கின.

2001 அக்டோபர் 2 முதல் திருத்தம் அமலானது. சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என மூன்று படிகள். கஞ்சாவில் சிறு அளவு ஒரு கிலோவுக்குக் கீழ், வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். ஹெராயினில் 5 கிராமும் 250 கிராமும். இன்றைய நிலையில் சிறு அளவு கஞ்சாவுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம். நடு அளவுக்குப் பத்து வருஷம் வரை. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது. ஜாமீனை ஏறக்குறைய அடைத்துவிடும் 37ஆம் பிரிவும் முக்கியமாக வணிக அளவுக்குத்தான்.

எதை நிறுப்பது என்பதே அடுத்த சண்டை. கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்து மேல்முறையீடாகப் போன மைக்கேல் ராஜ் வழக்கில் பிடித்த பொடி நாலு கிலோவுக்கு மேல். கலப்படம் போக ஹெராயின் 60 கிராம்தான். சுத்தமான சரக்கை மட்டும் கணக்கில் எடுத்து, 2008இல் உச்ச நீதிமன்றம் பத்து வருஷத்தை ஆறாகக் குறைத்தது. மறு வருஷமே கலவை முழுவதையும் நிறுக்க வேண்டும் என்று அரசு அறிவிக்கை போட்டது. 2020இல் ஹீரா சிங் வழக்கில் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தக் கதவு மூடிவிட்டது.

கஞ்சாவில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. சட்டத்தின்படி கஞ்சா என்றால் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனி கூட இல்லாத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகாது. பொட்டலத்தில் என்ன இருந்தது, மாதிரி எப்படி எடுத்தார்கள் என்று வக்கீல் பார்ப்பது இதனால்தான்.

மற்ற வழிகளும் யாரோ ஒருவர் வழக்காடிப் பெற்றவையே. உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். 1999இல் பல்தேவ் சிங் வழக்கு இதை நிலைநாட்டியது. ஆனால் பையைச் சோதிக்க இது பொருந்தாது என்று 2005இல் தீர்ப்பானது. அக்கா மகனுக்கு அதனால் இது உதவாது. அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்க முடியாது என்றது 2020இல் வந்த தோஃபான் சிங் தீர்ப்பு. அது தமிழ்நாட்டு வழக்கு.

யாரும் அதிகம் பேசாத பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையானவர் சிறு அளவு வழக்கில் மாட்டினால், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கே கிடையாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், 39ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

மறுநாள் அக்காவே கூப்பிட்டார். மகஜரில் இருநூற்று சொச்சம் கிராம். "அப்போ சிறு அளவு அக்கா" என்றேன். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள் என்றும் சொன்னேன். கடைசியில் மகனுக்குப் பழக்கம் உண்டா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு வருசமா எனக்குத் தெரியும் மக்கா" என்றார்.

வழக்கைக் குறைக்கும் வழி அந்த ரெண்டு வருஷத்தில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது, வாய்விட்டுச் சொன்னால்.