நற்பெயரின் விலை: இபே வாடிக்கையாளர் சமூகம் உருவாகி மாறிய வரலாறு

இணையக் கடைகள் இன்று ‘வாடிக்கையாளர் சமூகம்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் விளம்பரப் பிரிவின் ஒரு வேலையைத்தான் குறிக்கின்றன. வாங்கியவர்களை ஒரு குழுவில் சேர்ப்பது, பிறந்த நாளுக்குத் தள்ளுபடி அனுப்புவது, புதுச் சரக்கை அவர்களுக்கு முதலில் காட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இதற்கு முன்னோடியாக அடிக்கடி சுட்டப்படும் நிறுவனம் அமெரிக்காவின் இபே. அதன் முதல் பதினைந்து ஆண்டுகளைக் கூர்ந்து பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. அங்கே சமூகத்தைப் பிறப்பித்தது ஆள் பற்றாக்குறை. நிறுவனத்தால் செய்ய முடியாத வேலையை வாடிக்கையாளர்கள் செய்தார்கள். அந்த வேலை அவர்கள் கையில் இருந்தவரை சமூகமும் உயிரோடு இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இபேயை நிறுவிய பியேர் ஒமிடியார் பாரிஸில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மென்பொருள் பொறியாளர். 1995 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையையொட்டி, கலிபோர்னியாவில் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற ஏலத் தளத்தைத் தனி ஆளாக எழுதி முடித்தார். அதில் முதலில் விலைபோனது பழுதான ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். பழுதானது என்று தெரிந்தேதான் வாங்கினார் வாங்கியவர். பழுதான லேசர் சுட்டிகளைச் சேகரிப்பது அவர் வழக்கம். இந்தச் சிறு விற்பனையில் பின்னால் நடந்தவற்றின் வித்து இருக்கிறது. அருகில் யாருக்கும் வேண்டாத ஒரு பொருளுக்கு எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப்போவதே இல்லை.

தளம் முதலில் இலவசம். இணைய இணைப்புக்கு மாதம் 250 டாலர் கேட்டதும் ஒமிடியார் விற்பவர்களிடம் ஒரு சிறு சதவீதம் கேட்டார். வசூலிக்க ஆளில்லை, விற்றவரே கணக்குப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். காசோலைகள் வந்தன. கூடவே, அட்டையில் ஒட்டிய சில்லறைக் காசுகளும் உறைகளில் வந்து குவிந்தன. வரவு செலவைத் தாண்டியது. முகம் தெரியாதவர்கள் யாரும் வற்புறுத்தாமலே கடனைத் தீர்க்கும் இடமாக அது இருந்ததை இந்த உறைகளைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

சச்சரவுகளும் வந்தன. பொருள் வரவில்லை, வந்தது சொன்னபடி இல்லை, ஏலம் கேட்டவர் பணம் அனுப்பவில்லை என்று புகார்கள் ஒமிடியாரின் மின்னஞ்சலில் நிரம்பின. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால் இத்தனைக்கும் பஞ்சாயத்து செய்ய முடியாது. 1996 பிப்ரவரியில் அவர் ‘பின்னூட்ட மன்றம்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தார். பெரும்பாலான மக்கள் நேர்மையானவர்கள், சிலர் ஏமாற்றுவார்கள், குறையிருந்தால் எல்லோரும் அறியச் சொல்லுங்கள், நல்லது நடந்தால் அதையும் சொல்லுங்கள் என்பதே அந்த அறிவிப்பின் சாரம்.

ஏற்பாடு மிக எளிது. நல்ல கருத்துக்குக் கூட்டல் ஒன்று, மோசமானதற்குக் கழித்தல் ஒன்று, இரண்டும் இல்லாததற்குச் சுழியம். கூடவே 80 எழுத்துகளுக்குள் ஒரு குறிப்பு. மொத்த எண் பயனரின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும். பத்தைத் தொட்டால் மஞ்சள் நட்சத்திரம். கழித்தல் நான்குக்கு இறங்கினால் கணக்கு முடக்கம். விற்றவர் வாங்கியவரைப் பற்றியும், வாங்கியவர் விற்றவரைப் பற்றியும் எழுதலாம். தொடக்கத்தில் இருவருக்கும் இடையே வியாபாரம் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சந்தேகம் தீர்த்து உதவியவருக்கும் ஒரு கூட்டல் போடலாம். சந்தைத்தெருவின் நடைமுறை இது. யாரிடம் வாங்கலாம், யாருக்குக் கடன் தரக்கூடாது என்பதை அங்கே தெருவே வாய்வழியாக வைத்திருக்கும். இங்கே அது எழுத்தாகி எவரும் பார்க்கும்படி நின்றது.

உதவியும் அப்படியே பயனர்களிடமிருந்தே வந்தது. வெர்மாண்ட் மாநிலத்தில் இருந்த ஜிம் கிரிஃபித் என்ற பயனர், புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ‘அங்கிள் கிரிஃப்’ என்ற வேடிக்கையான புனைபெயரில் பொறுமையாகப் பதில் எழுதிவந்தார். 1996-ல் நிறுவனம் அவரையே முதல் வாடிக்கையாளர் சேவை ஊழியராகச் சேர்த்துக்கொண்டது. அவர் ஊரைவிட்டு நகரவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். சமூகத்தை ‘நிர்வகிக்க’ வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவராமல், சமூகம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இபேயின் தொடக்கக்கால முடிவுகளில் மிகச் சிறந்தது இதுவே என்பது என் கருத்து.

1997-ல் தளத்தின் பெயர் இபே ஆனது. ஒமிடியார் தம் வருங்கால மனைவியின் பெஸ் மிட்டாய்ப் பெட்டிச் சேகரிப்புக்காகத்தான் தளத்தைத் தொடங்கினார் என்ற கதை பத்திரிகைகளில் பரவியதும் அப்போதுதான். அது நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் புனைந்தது என்பதை ஆடம் கோஹன் 2002-ல் இபே பற்றிய தம் நூலில் வெளிப்படுத்தினார். உண்மையான சமூகம் கண்முன்னே இருக்கும்போதும் செய்திக்காக ஒரு சமூகக் கதை தேவைப்பட்டது. விளம்பரமும் சமூகமும் பிரியத் தொடங்கும் இடம் இது.

1998 மார்ச்சில் மெக் விட்மன் தலைமைப் பொறுப்பேற்றார். செப்டம்பரில் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1999 ஜூனில் தளம் ஏறத்தாழ 22 மணி நேரம் முடங்கியது. நிறுவனம் விற்பனையாளர்களின் கட்டணத்தைத் திருப்பியளித்தது. ஊழியர்கள் முக்கியப் பயனர்களைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஆண்டிலிருந்தே பயனர்களைச் சிறு குழுக்களாகச் சான் ஹோசே அலுவலகத்துக்கு வரவழைத்துக் கருத்துக் கேட்கும் வழக்கமும் வந்தது. பயனர்களின் பலம் பணப் பரிமாற்றத்திலும் வெளிப்பட்டது. இபே 1999-ல் பில்பாயிண்ட் என்ற சேவையை விலைக்கு வாங்கி முன்னிறுத்தியது. விற்பவர்களோ அதன் போட்டியாளரான பேபாலை விரும்பினார்கள். கடைசியில் 2002-ல் பேபாலையே 150 கோடி டாலருக்கு இபே வாங்க நேர்ந்தது.

இந்தப் பின்னூட்ட முறை உண்மையில் வேலை செய்ததா? பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர், எந்தக் கட்டாயமும் இல்லாமல், பின்னூட்டம் எழுதியிருந்தார்கள். அவற்றில் 99.1 சதவீதம் பாராட்டு, 0.6 சதவீதம் மட்டுமே கண்டனம். ரெஸ்னிக் குழுவினர் பின்னர் பழைய அஞ்சலட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிலைபெற்ற பெயருள்ள விற்பனையாளர் ஒருவரே சில அட்டைகளைத் தம் பெயரிலும், அதே போன்ற அட்டைகளைப் புதிய கணக்குகளிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நற்பெயருக்கு டாலரில் விலை இருந்தது. அதைத் தந்தவர்கள் சக பயனர்கள்.

அந்த 99.1 சதவீதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மரியாதைக்கு மரியாதை என்பதுபோல, அடிக்கு அடியும் நடந்தது. வாங்கியவர் எழுதும்வரை விற்றவர் காத்திருப்பார். கழித்தல் விழுந்தால் பதிலுக்குக் கழித்தல் போடுவார். இதற்கு அஞ்சிப் பலர் குறையை விழுங்கிக்கொண்டார்கள். 2007-ல் பொருளின் விவரம், தகவல் தொடர்பு, அனுப்பும் வேகம், அனுப்புக் கட்டணம் ஆகிய நான்கையும் பெயர் வெளிவராமல் மதிப்பிடும் முறை வந்தது. 2008-ல் பெரிய மாற்றம்: மே மாதம் முதல் விற்பவர் வாங்குபவருக்கு எதிராகக் கண்டனம் பதிய முடியாது. அறிவிப்பு வந்ததுமே, பிப்ரவரியில், கட்டண மாற்றங்களையும் சேர்த்து எதிர்த்து விற்பனையாளர்கள் ஒரு வாரப் புறக்கணிப்பு நடத்தினார்கள். நிறுவனத்தின் காரணம் நியாயமானதுதான். ஆனாலும் இருவழிப் பாதை ஒருவழிப் பாதையானதும் விற்பவரும் வாங்குபவரும் சம நிலையில் நின்ற பழைய உறவு முடிந்துபோனது. வாங்குபவர் நடுவரானார், விற்பவர் தேர்வெழுதுபவரானார்.

ஆசியாவில் நிலைமை தொடக்கத்திலிருந்தே வேறு. 2003-ல் சீனாவின் ஈச்நெட் ஏலத் தளத்தை இபே முழுமையாக வாங்கியது. அதே ஆண்டில் சீன நிறுவனமான அலிபாபா தாவ்பா என்ற போட்டித் தளத்தைத் தொடங்கியது. கட்டணத்தை நம்பியிருந்த இபேக்கு, விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகப் பேசினால் வியாபாரம் வெளியே போய்விடும் என்ற கவலை. கட்டணமே வாங்காத தாவ்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. வாங்வாங் என்ற அரட்டைச் செயலி வழியாகப் பேரம் பேசவிட்டது. பொருள் கைக்கு வரும்வரை பணத்தை அலிபாபாவின் பணப் பரிமாற்றச் சேவையான அலிபே பிடித்துவைத்தது. 2006 இறுதியில் இபே தன் சீனத் தளத்தைக் கைவிட்டது. இந்தியாவில் 2004-ல் பாஸி டாட் காம் நிறுவனத்தை வாங்கி நுழைந்த இபேயும், பைசாபே என்ற ஏற்பாட்டில் பணத்தை இடையில் நிறுத்திவைத்தே வியாபாரம் நடத்தியது. அந்தத் தளம் 2018-ல் மூடப்பட்டது.

பணத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்கும் இந்த வழிக்கு அமெரிக்காவிலும் இபே 2010-ல் வந்து சேர்ந்தது. பொருள் வராவிட்டாலும் சொன்னபடி இல்லாவிட்டாலும் வாங்குபவருக்குப் பணம் திரும்பும் என்ற பாதுகாப்பை அந்த ஆண்டில் பரவலாக்கியது. சியாங் ஹுய் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, இதனால் சந்தை மொத்தத்தில் நன்மையே அடைந்ததைக் காட்டுகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பாதுகாப்பு வந்தபின், சிறந்த விற்பனையாளர் முத்திரை பெற்றவர்களுக்குக் கிடைத்துவந்த கூடுதல் விலை குறைந்தது. அந்த அளவுக்கு, முன்பு பயனர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொண்ட நம்பிக்கையை இப்போது நிறுவனத்தின் உத்தரவாதம் தந்துகொண்டிருந்தது.