‘தீபன்’ பிறந்த கதை

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வழி கேட்டால், ‘மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு அடுத்த வீடு’ என்று சொல்வதுண்டு. பென்ஷன், கேன்டீன் கார்டு, பேங்க் வாசலில் செக்யூரிட்டி வேலை என்று அவருக்கு ஊர் திரும்பிய பிறகும் ஒரு தடம் இருக்கிறது. தோற்றுப்போன படையிலிருந்து தப்பியவனுக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. அப்படி ஒருவனின் கதைதான் ‘தீபன்’ படம்.

பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் இந்தக் கதையோடு தொடங்கவில்லை. சாதுவான ஒருவன் வீட்டைக் காக்க வெறிகொண்டு திருப்பி அடிக்கும் ‘ஸ்ட்ரா டாக்ஸ்’ (1971) மாதிரி ஒரு படத்தைப் புறநகர்க் குடியிருப்பில் எடுக்கலாம் என்பதே முதல் யோசனை. அந்நியர் கண்ணால் பிரான்ஸைப் பார்த்த மொந்தெஸ்கியூவின் ‘பாரசீகக் கடிதங்கள்’ பிறகு வந்து சேர்ந்தது. அந்த அந்நியர் ஈழத்தமிழர் ஆனார்.

நாயகனாக வந்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. 1967இல் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, விலகி, 1993இல் பிரான்ஸில் தஞ்சம் புகுந்தவர். அங்கே பாத்திரம் கழுவியிருக்கிறார், சமைத்திருக்கிறார். ‘கொரில்லா’ நாவலை எழுதியதும் அங்கிருந்துதான். படத்தில் பாதி தன் கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓதியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் படத்தின் வசனத்தில் பெரும்பகுதி தமிழ்.

படத்தில் சிவதாசன் என்ற புலிகள் இயக்கப் போராளி, இறந்துபோன தீபனின் பாஸ்போர்ட்டில், மனைவியல்லாத பெண்ணோடும் மகளல்லாத சிறுமியோடும் பாரிஸ் போகிறான். இரவில் மினுக்கும் நீல விளக்குப் பொம்மைகளைத் தெருவில் விற்கிறான். பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை: கூட்டுவது, ரிப்பேர் பார்ப்பது, தபால் பிரித்துப் போடுவது. போதைப்பொருள் கும்பல்கள் சுட்டுக்கொள்ளத் தொடங்கியதும் முற்றத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டு, இந்தப் பக்கம் சுடக்கூடாது என்கிறான்.

அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரே நடிக்க வந்தால் கதையே மாறும் என்பதற்கு ஹாலிவுட்டிலும் சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பும் மூவரைப் பற்றிய ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) படத்தில் ஒருவன் மூல நாவலில் நரம்புக் கோளாறுள்ளவன். ராணுவப் பயிற்சி விபத்தில் இரு கைகளையும் இழந்த ஹரால்டு ரஸலை ஓர் ஆவணப்படத்தில் பார்த்த இயக்குநர் வில்லியம் வைலர், பாத்திரத்தையே அவருக்காக மாற்றினார். அந்த ஒரு வேடத்துக்கு ரஸலுக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

‘தீபன்’ 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. படத்தின் கடைசிச் சண்டை எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். அது முதல் யோசனையின் மிச்சம். துடைப்பம் பிடித்த போராளி மட்டும் பின்னால் வந்தவன்; படம் நிற்பது அவனை வைத்துத்தான்.