முற்றவெளியிலிருந்து புல்லுக்குளம் வரை: யாழ்ப்பாண நகர மையத்தில் நினைவுச் சின்னங்களும் முடிவெடுக்கும் உரிமையும்

யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் விரியும் முற்றவெளியைச் சுற்றி ஒரு சிறு நடை நடந்தால் மணிக்கூட்டுக் கோபுரம், வீரசிங்கம் மண்டபம், 1974ஆம் ஆண்டு நினைவுத் தூண்கள், தந்தை செல்வா நினைவுத்தூபி, பொது நூலகம், புல்லுக்குளக் கரையில் 11 மாடிப் பண்பாட்டு மையம் எல்லாம் வரிசையாக எதிர்ப்படும். இவற்றுட் பலவற்றைச் சுற்றி ஏதோ ஒரு காலத்தில் தகராறு எழுந்திருக்கிறது. இத்தகராறுகளை இனமுரண்பாட்டின் கிளைக்கதைகளாக எழுதிச் செல்வதே வழக்கம். அது பிழையன்று, ஆனால் போதாது. எந்தச் சின்னத்துக்கு யார் பணம் கொடுத்தார், அதன் வடிவத்தையும் பெயரையும் யார் முடிவு செய்தார் என்று கேட்டுப் பார்த்தால், தமிழருக்குள்ளேயே ஓடும் இன்னொரு வரலாறும் புலப்படும்.

மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. பணம் பொதுமக்களிடம் திரட்டப்பட்டது. வடிவம் அரச கட்டடக் கலைஞர் ஜே. ஜி. ஸ்மிதருடையது, மணிக்கூடு ஆளுநர் ஜேம்ஸ் லோங்டனின் கொடை. ஊரார் காசில் எழுந்த சின்னத்தில் ஊராரைப் பற்றி ஒன்றும் இல்லை.

நூலகத்தின் கதை வேறு. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் தனிமனிதர் தொடங்கிய முயற்சி, வாடகை அறையில் வளர்ந்து, நகர நிருவாகத்தின் கைக்கு வந்து, களியாட்ட விழாக்களிலும் அதிர்ஷ்டலாபச் சீட்டுகளிலும் சேர்ந்த பணத்தோடு கட்டடமானது. சென்னையைச் சேர்ந்த வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் தந்தார். நூலக அமைப்புக்கு எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். முன்னின்று உழைத்தவர்களுள் லோங் அடிகளார் என்ற கத்தோலிக்கக் குருவும் ஒருவர். 1959 ஒக்ரோபர் 11இல் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்துவைத்தார். வெள்ளைச் சுவரும் கும்மட்டமும், முன்வளவில் வீணையோடு அமர்ந்த சரஸ்வதியும் கொண்ட அக்கட்டடத்தையே நகரின் முதன்மையான பொதுக்கலைப் படைப்பாக நான் கொள்கிறேன். அதற்குள் வைக்கவென ஒரு சிற்பம் தேவைப்பட்டதில்லை.

1974 ஜனவரி 10இல், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில், பொலிசாரின் தாக்குதலை அடுத்து முற்றவெளிப் பகுதியில் உயிர்கள் பலியாயின. அவர்களுக்காக எழுந்த எளிய தூண்கள் இடிக்கப்பட்டும் மீண்டும் எழுப்பப்பட்டும் வந்திருக்கின்றன. 1981 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வேளையில், மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் சுமார் 97,000 நூல்களோடு நூலகம் எரிந்தது. அதே நாள்களில் நகரிலிருந்த தமிழ்ப் பெரியோரின் சிலைகளும் உடைக்கப்பட்டன. நூலையும் சிலையையும் ஒரே மூச்சில் அழித்தவர்களுக்குப் பொதுவெளிக் கலையின் பெறுமதி நன்றாகவே தெரிந்திருந்தது.

எரிந்த கட்டடத்தை என்ன செய்வது என்பதில்தான் உண்மையான விவாதம் பிறந்தது. கரியும் துளையுமாக நின்ற சுவர்களை அப்படியே நினைவிடமாக விட வேண்டும் என்றனர் ஒரு சாரார். பழையபடி வெள்ளையடித்து நிறுத்துவது குற்றத்தின் தடயத்தை அழிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். பிள்ளைகளுக்கு நூலகம் வேண்டும், இடிபாட்டில் யாரும் படிக்க முடியாது என்றனர் மறு சாரார். 1990களின் இறுதியில் சந்திரிகா அரசு தொடங்கிய புனரமைப்பு, பழைய தோற்றத்தையே மீட்டது. இன்று அங்கு போகும் இளையவர் ஒருவருக்கு அந்தச் சுவரில் தீயின் அடையாளம் எதுவும் கண்ணில் படாது. படிப்பவர் பக்கமே என் சாய்வு. ஆயினும் ஓர் அறையையாவது எரிந்த நிலையில் விட்டிருக்கலாம்.

கட்டி முடிந்தபின் திறப்புக்கல் சிக்கலானது. 2003 பெப்ரவரியில் நடக்கவிருந்த திறப்பு விழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பால் நின்றது. மாநகர முதல்வர் செல்லன் கந்தையனும் மாநகர சபையின் ஏனைய உறுப்பினர்களும் பதவி விலகினர். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கந்தையனின் பெயர் அந்தக் கல்லில் பொறிக்கப்படுவதை யாழ்ப்பாணத்து மேட்டிமை விரும்பவில்லை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. காரணம் அரசியல்தான் என்ற மறுப்பும் உடனே வந்தது. இரண்டும் சேர்ந்தே இயங்கியிருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் பலருக்கும் தயக்கம்.

2004இல் அதே கட்டடத்தில் ‘அகம் புறம்’ கண்காட்சி நடந்தது. ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைவரலாற்று ஆசிரியருமான தா. சனாதனன், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சேர்த்த நூற்றுக்கணக்கான அன்றாடப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தார். போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த வீட்டுச் சாமான்கள் அங்கே வரலாற்றுச் சான்றுகளாயின. இங்கு காசு கொடுத்தவரோ பெயர் பொறித்தவரோ முக்கியமில்லை. பொருளைத் தந்தவரே படைப்பில் பங்காளி. நிரந்தரமற்றது என்பதால் அதைத் திறந்துவைக்க எந்த அமைச்சரும் தேவைப்படவில்லை.

போருக்குப் பின் பணம் வரும் வழி மாறியது. உலக வங்கிக் கடனில் கண்டியிலும் காலியிலும் தொடங்கிய நகர அபிவிருத்தித் திட்டம் 2016இல் யாழ்ப்பாணத்துக்கும் விரிந்தது. ஆரியகுளத்தை 2021இல் தியாகி அறக்கொடை நிலையத்தின் நிதியில் மாநகர சபை புதுப்பித்தது. குளத்துக்கு அருகே நாகவிகாரை. மறு ஆண்டு அங்கே வெசாக் அலங்காரத்துக்கு அனுமதி கேட்கப்பட்டபோது, குளம் எந்த மதத்தின் சின்னமும் இல்லாத இடமாகவே இருக்கும் என்று சபை மறுத்தது. வட மாகாண ஆளுநரோடு உரசல் வந்தது. முடிவை ஏற்பவரும் ஏற்காதவரும் உண்டு. ஆனால் அது தெரிவுசெய்யப்பட்ட சபை கூடி எடுத்த முடிவு.

பண்பாட்டு மையத்துக்கு அந்த வாய்ப்பு முழுமையாகக் கிட்டவில்லை. 2015 மார்ச்சில் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார், இந்தியா 1.1 கோடி டாலருக்கு மேல் கொடையாகத் தந்தது. வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் மதுர பிரேமதிலக்கவின் குழு வென்றது. 600 பேர் அமரும் அரங்கு, அருங்காட்சியகம், கற்கைக் கோபுரம், குளத்தோடு இணையும் பொதுச் சதுக்கம் என்று திட்டம் விரிந்தது. பக்கத்திலுள்ள நூலகம் அந்தக் கோபுரத்தின் நிழலில் சிறுத்துப் போனதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. பராமரிப்புச் செலவை மாநகர சபையால் தாங்க முடியுமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 2022 மார்ச்சில் இணையவழியில் ஒரு திறப்பு, 2023 பெப்ரவரியில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்னிலையில் கையளிப்பு என இரண்டு விழாக்கள் நடந்தன.

அடுத்த மாதம், 2023 மார்ச்சில், நாட்டின் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. மாநகர சபை உறுப்பினர் இல்லாத இடைக்காலத்தில், 2025 ஜனவரி 18இல், மையத்துக்குத் ‘திருவள்ளுவர் பண்பாட்டு மையம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. வள்ளுவரை மறுத்து யாரும் பேசவில்லை. ‘யாழ்ப்பாணம்’ எங்கே என்றுதான் கேட்டார்கள். எதிர்ப்பு வலுக்கவே ஊரின் பெயர் முன்னால் சேர்க்கப்பட்டது. திருத்தமும் பெயர் வைத்த அதே மட்டத்தில்தான் முடிவானது. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6இல் நடந்து புதிய உறுப்பினர்கள் மாநகர சபைக்குள் நுழைந்தபோது, பெயரைப் பற்றி அவர்கள் தீர்மானிக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.