மறுக்கப்பட்ட நூலும் லேசர் ஆய்வும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் நிறவேற்றுமை கோலோச்சிய காலத்தில், லேக் சிட்டி என்னும் சிற்றூரில் 1950ஆம் ஆண்டு பிறந்தவர் ரொனால்டு மெக்நேர். 1959இல் சிறுவனாக அவ்வூர் நூலகத்தில் நூல் கேட்டபோது, கறுப்பினத்தவர்க்கு இல்லையென மறுத்தனர். காவலர் வரவழைக்கப்பட்டும் அவர் அசையவில்லை. நூலுடனேயே வீடு திரும்பினார். பொதுக்குளமும் பள்ளிக்கூடமும் மறுக்கப்பட்டோரின் வழிவந்த நமக்கு இவ்வரலாறு அந்நியமன்று.

1971இல் இயற்பியல் பட்டம் பெற்ற மெக்நேர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதி லேசர்களையும் உயர் அழுத்தக் கரியமிலவாயு லேசர்களையும் ஆராய்ந்து 1976இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கலிபோர்னியாவிலுள்ள ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மெல்லிய ஒளி, தான் கடக்கும் பொருளின் ஒளியியல் இயல்பை மாற்றுவதில்லை. லேசரின் செறிந்த ஒளியோ அவ்வியல்பையே மாற்ற வல்லது; அதனாற் புதிய நிற ஒளிகளும் பிறக்கும். இதனை ஆராய்வதே நேரியல்சாரா ஒளியியல். கடுங்குளிர்த் திரவங்களில் நிகழும் இத்தகைய விளைவுகளைப் பயன்படுத்தி, ஐசோடோப்புகளைப் பிரிப்பதற்கான லேசர்களை உருவாக்கும் பணியில் அவர் ஈடுபட்டார்.

1978இல் விண்வெளி வீரராகத் தெரிவு செய்யப்பட்டு, 1984இல் விண்ணில் பறந்தார். 1986 சனவரி 28ஆம் நாள், சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியபோது, உடன்சென்ற அறுவரோடு உயிர் நீத்தார். நூல் மறுத்த அக்கட்டடம் பிற்காலத்தில் அவர் பெயர் தாங்கிய நினைவகமாயிற்று.

இளைஞர்களே! வேலைக்கு வேண்டிய பட்டத்தோடு நம் கல்வி நின்றுவிடலாகாது. புதிய அறிவைப் படைக்கும் ஆய்வுக்கூடமும் நமக்குரியதே. நூலை உரிமையோடு கேட்போம். கற்றபின் ஆய்வுக்கூடத்தின் கதவையும் தட்டுவோம்.