பல்லு எண்ணின கதை

மக்களே, போன மாசம் கடைவாய்ப்பல் ஒண்ணைப் பிடுங்கிட்டு வந்தேன். வலியை விட ஒரு கேள்விதான் அதிகமா குடைஞ்சது. ஒரு நாட்டுல யாருக்கு எத்தனை பல்லு இருக்குன்னு யாராவது எண்ணுவாங்களா? தேடினப்போ பிரிட்டன் கதை சிக்குச்சு.

அங்கே 1948-ல தேசிய சுகாதார சேவை ஆரம்பிச்சப்போ பல் வைத்தியமும் இலவசம். பல்செட்டுக்குக் கூட்டம் அலைமோதுச்சு. செலவு தாங்காம 1951-ல பல்செட்டுக்குக் கட்டணம் வச்சாங்க. அந்தச் சேவையைக் கொண்டுவந்த அனூரின் பெவன் கோபத்துல அமைச்சர் பதவியையே தூக்கிப் போட்டார்!

ஆனா முறையான கணக்கெடுப்பு 1968-லதான். இங்கிலாந்து, வேல்ஸ்ல குலுக்கல் மாதிரி ஆளுங்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கே போய்க் கேள்வி கேட்டாங்க. பல் டாக்டரும் வீட்டுக்கே வந்து வாயைத் திறக்கச் சொன்னார். டாக்டருங்களுக்கு முன்கூட்டியே ஒரே மாதிரி பயிற்சி. ஒருத்தருக்குச் சொத்தையாத் தெரியறது இன்னொருத்தருக்கு வெறும் கறைன்னா கணக்கு குப்பைதானே. (எது பக்-னு நம்ம டெஸ்டிங் டீம்ல நடக்கற சண்டை ஞாபகம் வருதா? :-))

விடை: பெரியவங்கள்ல 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல்லு ஒண்ணுகூட இல்லை.

இருபது வருஷ இலவச, மலிவு வைத்தியத்துக்கு அப்புறமுமா? இங்கதான் விஷயமே. போன பல்லு திரும்ப முளைக்காது. அதனால அந்த 37, 1968-ஓட நிலவரம் மட்டும் இல்லை. காசில்லாம, அடைக்கறதை விட மொத்தமாப் பிடுங்கறதே மலிவுன்னு இருந்த பழைய காலத்தோட லாக் ஃபைல் அது. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணுக்கு எல்லாப் பல்லையும் எடுத்து, பல்செட்டைப் பரிசாக் கொடுத்த குடும்பங்கள் உண்டுன்னு கூடச் சொல்வாங்க.

அப்புறம் ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒருதடவை எண்ணினாங்க. மொத்த பிரிட்டனுக்கும் 1978-ல 30, 1988-ல 21, 1998-ல 13. 2009-ல ஸ்காட்லாந்து சேரலை, மத்த மூணு பகுதிலயும் 6. அந்தத் தலைமுறை மறைய மறையத்தான் எண்ணும் இறங்குச்சு.

அதுக்கப்புறம் இடைவெளி. 2021-ல இங்கிலாந்துல கொரோனாவால கேள்வித்தாள் மட்டும்தான், வாயைப் பார்க்கலை. 2023-லதான் டாக்டருங்க மறுபடி கிளம்பினாங்க. பதினாலு வருஷம் மானிட்டரிங் இல்லாம ஒரு சர்வர் ஓடினா நாம தூங்குவோமா? இன்னிக்குக் கவனிக்காத சொத்தை, நாப்பது வருஷம் கழிச்சுத்தான் பல்லு போன கணக்குல தெரியும்.

என்னோட கடைவாய்ப்பல் எந்தக் கணக்குலயும் ஏறலை. இந்தப் பதிவுலயாவது இருக்கட்டும்.

உங்களுக்கு மிச்சம் எத்தனை? கண்ணாடி முன்னாடி எண்ணிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க!