தேக்காவும் தருக்க வினாவும்

கூற்றுகள் சிலவற்றைத் தந்து, அவற்றினின்றும் பெறத்தக்க முடிவு யாது என வினவுதல் போட்டித் தேர்வுகளில் இடம்பெறும் தருக்க வினாக்களின் இயல்பு. விடைகளை மனனம் செய்து இவற்றை வெல்லுதல் அரிது. ஒரு முடிவைக் கண்டவுடன் அதன் காரணத்தை ஆராயும் பழக்கமே ஈண்டு வேண்டப்படுவது. அப்பழக்கத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடிச் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. சிராங்கூன் சாலைத் தொடக்கத்திலுள்ள தேக்காவே போதும்.

தேக்கா என்னும் பெயர் தேக்கு மரத்தினின்றும் வந்ததெனத் தமிழர் கருதுதல் எளிது. ஆனால், ஒலி ஒப்புமை ஒன்றே அதற்கு ஆதாரம். உண்மை வேறு. ரோச்சோர் கால்வாய் ஓரத்தே மூங்கிற் புதர்கள் வளர்ந்திருந்தமையால், ஹொக்கியன் மொழி பேசிய சீனர் அவ்விடத்தை மூங்கிலடி என்னும் பொருள்பட வழங்கிய பெயரே தேக்கா என மருவிற்று. 1982ஆம் ஆண்டு அங்கு எழுந்த புதிய சந்தைக் கட்டடத்திற்கு அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பாகிய ‘சூஜியாவ்’ சூட்டப்பட்டது. மக்கள் நாவில் பழம்பெயரே நிலைத்தது. 2000ஆம் ஆண்டில் தேக்கா என்பதே மீண்டும் கட்டடத்தின் பெயராயிற்று. ஒலியால் ஒத்த தேக்கிற்கு இவ்விடத்தோடு உறவில்லை. ஒலியால் வேறுபட்ட சூஜியாவோ பொருளால் ஒன்றே.

இத்தகைய பிழையைத் தமிழ்க் காப்பியம் என்றோ இனங்கண்டுள்ளது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அனுமானத்தின் உறுப்புகளை விளக்குகின்றார். மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை காணப்படுதல் ஏது. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை திட்டாந்தம். இவை பிழைபடும்போது பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பெயர் பெறும். தேக்கு மரத்தைக் காட்டித் தேக்காவை விளக்குவது ஏதுப்போலியே.

போட்டித் தேர்வின் வரலாற்றையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். சீனப் பேரரசு பல நூற்றாண்டுகள் தேர்வின் வழியே அலுவலரைத் தெரிந்தெடுத்து, 1905இல் அம்முறையைக் கைவிட்டது. இந்திய ஆட்சிப் பணிக்கான பதவிகளை 1853ஆம் ஆண்டுச் சட்டம் போட்டிக்குத் திறந்துவிட்டது. 1855இல் இலண்டனில் நிகழ்ந்த முதல் தேர்வின் பாடங்களுள் தருக்கமும் அடங்கும். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் அப்போட்டியில் வென்ற முதல் இந்தியரானார். சிங்கப்பூரை உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களின் உயர் அலுவலரும் பின்னர் இத்தகைய போட்டியாலேயே அமர்த்தப்பட்டனர். ஆனால், தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஐரோப்பியராய்ப் பிறந்தவரே அதனை எழுதலாம் என 1904இல் விதி வகுக்கப்பட்டது.

பிறரால் இயலாது என்பது அவ்விதியில் மறைந்திருந்த பக்கம். அதற்கு ஏது யாது? 1887இல் அரசியார் உதவித்தொகை பெற்று எடின்பரோவில் மருத்துவம் பயின்ற சிங்கப்பூர்ச் சீனர் லிம் பூன் கெங்கும், முன்னரே வென்ற தாகூரும் அக்கூற்றை மறுக்கும் சான்றுகளாக நின்றனர். தருக்கத்தைச் சோதித்த தேர்வின் வாயிலில் தருக்கமற்ற விதி காவல் நின்றது.

அக்காலம் மறைந்தது. 1960இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. 1984இல் தொடங்கிய மீத்திறன் மாணவர் திட்டம் பொது ஆற்றலையும் சோதித்தது. அத்திட்டத்தை மாற்றியமைக்கும் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. இந்திய மாணவரின் கல்வித் தேர்ச்சியை உயர்த்த 1991இல் தோன்றிய சிண்டா, துணைப்பாட வகுப்புகளை நடத்திவருகின்றது. வாயில் திறந்துள்ளது, எனினும், பயிற்சித் தாள்களைக் குவித்து விடைக் குறிப்பைப் பார்த்துத் திருத்துவதோடு பயிற்சி முடிந்துவிடின், மாணவர் பெறுவது விரைவு மட்டுமே.

ஒவ்வொரு வினாவிலும் தரப்பட்டது எது, ஊகிக்கப்பட்டது எது, இரண்டையும் இணைக்கும் ஏது யாது என எழுதிப் பார்த்தலே பயிற்சி. தவறான விடைக்கு அது எவ்வகைப் போலி எனப் பெயரிட்டுக் காட்டும் பணி தமிழாசிரியர்க்கும் உரியது. அவ்வாறு பழகிய மாணவர் தேர்வுத்தாளில் தரப்பட்ட முடிவை ஆராய்வதோடு நில்லார். தம்மைப் பற்றிப் பிறர் கூறும் முடிவுக்கும் ஏது கேட்பர்.